பராசக்தி யாருடைய படம்?

‘பராசக்தி’ யாருடைய படம் என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் சிவாஜி படம் என்பார், இன்னொருவர் கலைஞர் படம் என்பார். கொஞ்சம் வயதானவராக இருந்தால் நீதிமன்ற வசனத்தின் முதல் நாலு வரியை அங்கேயே நின்று சொல்லிக் காட்டுவார். இயக்குநர் யார் என்று அடுத்த கேள்வியைப் போட்டால் ஒரு இடைவெளி விழும். யோசித்த பிறகுதான் “கிருஷ்ணன்-பஞ்சு” என்று பதில் வரும். சிலருக்கு அது ஒருவரா இருவரா என்ற குழப்பமும் உண்டு. (இருவர். ஆர். கிருஷ்ணன், எஸ். பஞ்சு.)

தமிழில் எடுக்கப்பட்ட அரசியல் படங்களில் இதைவிடப் புகழ்பெற்றது எதுவும் இல்லை என்றே சொல்லலாம். அதன் இயக்குநர்களை நினைவுக்குக் கொண்டுவர யோசிக்க வேண்டியிருக்கிறது. இப்போதெல்லாம் ஒரு படத்தின் அரசியலைப் பேசுகிறவர்கள் நேராக இயக்குநரிடம்தான் போகிறார்கள். ரஞ்சித் படம், மாரி செல்வராஜ் படம், வெற்றிமாறன் படம் என்று பெயரிலேயே அரசியலும் வந்துவிடுகிறது. அந்தப் பழக்கத்தோடு 1952ஆம் ஆண்டுக்குப் போய், பராசக்தி அதன் இயக்குநர்களின் கொள்கையைச் சொல்கிறதா என்று கேட்டால், கேள்வியே கொஞ்சம் தடுமாறுகிறது.

தடுமாறுவதற்குக் காரணம் உண்டு. படம் என்பது இயக்குநரின் படைப்பு என்ற எண்ணம் என்றைக்கும் இருந்தது போல நமக்குத் தோன்றும். அது கோட்பாடாகப் பேசப்பட்டது ‘கையே து சினிமா’ என்ற பிரெஞ்சு இதழைச் சுற்றித்தான். 1954 ஜனவரியில் அதில் பிரான்சுவா த்ரூஃபோ எழுதிய கட்டுரை அதற்கு ஒரு முக்கியமான தொடக்கம். அவர் யாரைத் தாக்கினார் தெரியுமா? திரைக்கதை ஆசிரியர்களை. எழுத்தாளர் எழுதிக் கொடுத்ததை அழகாகப் படம் பிடித்துத் தருகிறவர் இயக்குநர் ஆகிவிடுவாரா என்பது அவருடைய கோபம். அந்தக் கட்டுரைக்கு ஒன்றேகால் வருடம் முன்னால், 1952 அக்டோபர் 17 தீபாவளி அன்று, பராசக்தி வெளியாகிவிட்டது. த்ரூஃபோ எதைக் குறை என்று சொன்னாரோ அதையே பலமாகக் கொண்டு ஓடிய படம் அது.

அப்போதைய தமிழ்ப் படத்தில் அதிகாரம் யார் கையில் இருந்தது என்று பார்த்தால் இது விளங்கும். பணம் போட்டவர் நேஷனல் பிக்சர்ஸ் பி.ஏ. பெருமாள். அவரோடு ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரின் ஏ.வி.எம். நிறுவனம் கைகோத்திருந்தது. கதை, பாவலர் பாலசுந்தரம் எழுதி மேடையில் நடந்துகொண்டிருந்த நாடகம். அதைத் திரைக்கதையாக்கி வசனம் எழுதியவர் மு. கருணாநிதி. அப்போது அவருக்கு வயது 28. தி.மு.க. தொடங்கி மூன்று ஆண்டுகள். 1949இல் அண்ணாதுரை எழுதிய ‘வேலைக்காரி’ ஓடிய ஓட்டத்தைப் பார்த்த பிறகு, கழகத்து எழுத்துக்கு டிக்கெட் விற்கும் என்பது முதலாளிகளுக்குத் தெரிந்துவிட்டது. மெய்யப்பச் செட்டியார் 1947இல் ‘நாம் இருவர்’ படத்தில் பாரதி பாட்டுகளைப் போட்டு தேசிய உணர்வுக்கு வடிவம் கொடுத்தவர். அதே ஏ.வி.எம். 1951இல் அண்ணாவின் ‘ஓர் இரவு’ நாடகத்தையும் படமாக்கியது. இதில் கொள்கை மாற்றம் எதையும் நான் தேட மாட்டேன். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதைத் தெரிந்து வைத்திருந்த வியாபாரி அவர்.

கதையைச் சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்வோம். ரங்கூனில் மூன்று அண்ணன்கள், மதுரையில் தங்கை கல்யாணி. அவள் கல்யாணத்துக்குப் புறப்பட நினைக்கும்போது உலகப்போர். கப்பலில் ஒரே ஒரு டிக்கெட் கிடைக்க, கடைசித் தம்பி குணசேகரன் மட்டும் வருகிறான். சென்னையில் கையில் இருந்ததை இழக்கிறான். தங்கை புருஷனையும் தகப்பனையும் பறிகொடுத்து, கைக்குழந்தையோடு இட்லி சுட்டு விற்கிறாள். தெருவில் ஆரம்பித்து கோயில் வரைக்கும் அவளை யாரும் நிம்மதியாக விடுவதில்லை. பூசாரியே கையைப் பிடிக்கிற கட்டத்தில் அவள் குழந்தையை ஆற்றில் வீசிவிட்டுச் சாகப் பார்க்கிறாள். பிடித்துக்கொண்டு போய் நிறுத்தினால், எதிரே நீதிபதி நாற்காலியில் அவளுடைய மூத்த அண்ணன். பூசாரியைத் தாக்கிய குணசேகரனும் கூண்டில் ஏறுகிறான். அங்கேதான் அந்தப் பேச்சு.

இந்தக் கதைக்குள் அரசியல் எங்கெங்கே இருக்கிறது? தொடக்கப் பாட்டு பாரதிதாசனுடையது, திராவிட நாட்டை வாழ்த்துகிற பாட்டு. தி.மு.க. தனி நாடு கேட்டுக்கொண்டிருந்த காலம் என்பதை நினைத்துப் பார்த்தால் அது சும்மா ஒரு வாழ்த்துப் பாட்டு கிடையாது. அப்புறம் சென்னைத் தெருக்களில் பட்டினி, நடைபாதையில் தூங்குகிறவனை விரட்டும் போலீஸ், கள்ளச் சந்தைக்காரன். ராஜாஜி முதலமைச்சராகி ஆறு மாதம் ஆன நேரம். உணவுப் பஞ்சமும் ரேஷனும் எல்லோர் வாயிலும் இருந்த பேச்சு. கடைசியாகக் கோயில். சாமி சிலைக்குப் பின்னால் இருந்து குணசேகரன் பேச, பூசாரி அம்பாள்தான் பேசுகிறாள் என்று பதறுகிறான். அதற்கு வரும் பதில்: “அம்பாள் எந்தக் காலத்திலடா பேசினாள்?” படத்தின் பெயரை நம்பி பக்திப் படம் பார்க்க வந்தவர்களுக்கு அந்த ஒரு வரி எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

கவனித்தால் இந்த மூன்று இடத்திலும் அரசியல் காதின் வழியாகத்தான் வருகிறது. பாட்டாக, வசனமாக. படத்தைத் தடை செய்ய வேண்டும் என்று குரல் எழுந்தபோதும் சண்டை முழுக்க வசனத்தின் மேல்தான். எதிர்த்தவர்கள் இயக்குநர்களைத் தேடிப் போகவில்லை. ‘பரபிரம்மம்’ என்று கேலி செய்து ஒரு விமர்சனம் வந்தது. கருணாநிதி அதே பெயரில் ஒரு நாடகம் எழுதி மேடையேற்றிப் பதில் சொன்னார். பதில் சொல்ல வேண்டியவர் தாம்தான் என்பதில் அவருக்கு எந்தச் சந்தேகமும் இல்லை, கேலி செய்தவர்களுக்கும் இல்லை. வசனம் இசைத்தட்டாக வந்தது, புத்தகமாக வந்தது, பள்ளி ஆண்டு விழாக்களில் ஒப்பிக்கப்பட்டது. படத்திலிருந்து பிய்த்து எடுத்த பிறகும் உயிரோடு இருந்த பகுதி அது.

எழுத்தாளரோடுதான் கொள்கை பயணம் செய்தது என்பதற்கு இன்னும் தெளிவான சான்று வேண்டுமானால், கருணாநிதி எழுதி வேறு வேறு ஆட்கள் இயக்கிய படங்களை வரிசையாக வைத்துப் பார்க்கலாம். ‘மந்திரி குமாரி’யை (1950) எடுத்தவர்களில் ஒருவர் எல்லிஸ் ஆர். டங்கன், அமெரிக்கர். குண்டலகேசிக் கதையை வைத்து எழுதப்பட்ட அந்தப் படத்தில் அரசனை ஆட்டி வைக்கும் வில்லன் ஒரு ராஜகுரு. ஒஹையோவில் பிறந்த டங்கனுக்குப் பிராமண எதிர்ப்பு அரசியல் என்று ஒன்று சொந்தமாக இருந்தது என்று யாரும் வாதாட மாட்டார்கள். ‘மனோகரா’வை (1954) இயக்கியவர் எல்.வி. பிரசாத், தெலுங்கர். ‘மலைக்கள்ளன்’ (1954) இன்னும் வேடிக்கை. கதை காங்கிரஸ் கவிஞர் நாமக்கல் ராமலிங்கம் பிள்ளையுடையது, வசனம் கருணாநிதியுடையது, இயக்கம் ஸ்ரீராமுலு நாயுடு. இயக்குநர் மாறிக்கொண்டே இருக்கிறார், வசனத்தின் குரல் மாறுவதில்லை.

நடிகர்களிடமும் கொள்கையைத் தேட முடியாது. அந்த வசனத்தைத் தன் நாக்கில் வைத்து உலகத்துக்குக் கொடுத்த கணேசன், சில ஆண்டுகளில் திருப்பதிக்குப் போய்வந்து கழகத்தாரின் கோபத்துக்கு ஆளாகி விலகினார். பின்னாளில் காங்கிரஸ்காரர் ஆனார். 1965இல் ‘திருவிளையாடல்’ படத்தில் சிவபெருமானாகவே வந்து நின்றார். இரண்டாவது அண்ணன் எஸ்.எஸ். ராஜேந்திரன் புராணப் படங்களில் நடிப்பதில்லை என்று கொள்கை வைத்திருந்த கழகத்துக்காரர். மூத்த அண்ணன் எஸ்.வி. சகஸ்ரநாமமோ பாரதியின் ‘பாஞ்சாலி சபத’த்தை மேடைக்குக் கொண்டுபோன தேசிய உணர்வுக்காரர். கதையில் இருப்பது போலவே மூன்று அண்ணன்கள், மூன்று திசை. ஆனாலும் படம் தி.மு.க. படமாகத்தான் நிற்கிறது.

அப்படியானால் கிருஷ்ணனும் பஞ்சுவும் வெறும் கருவிகளா? பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை.

முதலில் ஒரு எதிர்வாதம். 1949இல் அண்ணா திரைக்கதை எழுதிய ‘நல்லதம்பி’, 1952இல் பராசக்தி, 1954இல் எம்.ஆர். ராதாவின் ‘ரத்தக்கண்ணீர்’. திராவிட இயக்கப் படங்கள் என்று பட்டியல் போட்டால் கட்டாயம் இடம்பெறும் இந்த மூன்றையும் இயக்கியவர்கள் இதே இருவர். ரத்தக்கண்ணீரின் ஆசிரியர் திருவாரூர் கே. தங்கராசு பெரியாரின் தொண்டர். ஐந்தே ஆண்டில் மூன்று படம் என்பது தற்செயலாக இருக்க முடியுமா?

தற்செயல் என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வரிசையின் தலைப்பக்கம் இன்னொரு படம் இருக்கிறது: 1947இல் வந்த ‘பைத்தியக்காரன்’. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் சிறையில் இருந்தபோது, அவருடைய குழுவைக் கட்டிக் காத்துக்கொண்டிருந்த சகஸ்ரநாமத்தின் நாடகம் படமானது. விதவை மறுமணத்தைப் பேசிய படம். இயக்கியவர்கள் கிருஷ்ணன்-பஞ்சு. விடுதலையாகி வந்த கலைவாணரும் அதில் சேர்ந்துகொண்டார். நல்லதம்பியிலும் அவர்தான் நாயகன். அதில் ஜமீன் ஒழிப்பு, மதுவிலக்கு, படித்து முன்னேறும் நந்தனாரின் கதையாக அவர் நடத்திய ‘கிந்தனார்’ காலட்சேபம் எல்லாம் உண்டு. கலைவாணர் பெரியாரையும் மதித்தார், காந்திக்கு நாகர்கோவிலில் நினைவுத் தூணும் கட்டினார். நாற்பதுகளில் சீர்திருத்தம் என்ற சொல்லுக்குள் காந்தியும் பெரியாரும் ஒரே பாயில் உட்கார முடிந்தது. கிருஷ்ணன்-பஞ்சுவின் படங்கள் வந்த வீடு அதுதான். விதவைக்கு வாழ்வு வேண்டும், குடி கூடாது, ஏழை வயிறு காயக்கூடாது என்பது வரைக்கும் அவர்களுடைய படங்களுக்கு ஒரு தொடர்ச்சி இருக்கிறது. அம்பாள் பேசுவாளா மாட்டாளா என்பது அந்தத் தொடர்ச்சியில் வராது.

வராது என்று எப்படிச் சொல்கிறேன்? அவர்கள் சேர்ந்து இயக்கிய முதல் படத்தைப் பாருங்கள். 1944இல் வந்த ‘பூம்பாவை’. மயிலாப்பூரில் பாம்பு கடித்து இறந்த பெண்ணின் சாம்பல் குடத்தை வைத்துத் திருஞானசம்பந்தர் பதிகம் பாட, அவள் உயிரோடு எழுந்து வரும் கதை. தெய்வம் பேசுவது மட்டுமில்லை, செத்தவளையே எழுப்புகிறது. எட்டு வருடம் கழித்து அதே கைகள் சிலைக்குப் பின்னால் ஒரு மனிதனை நிறுத்தி, தெய்வம் பேசாது என்று சொல்ல வைத்தன. இரண்டு படத்திலும் வேலை சுத்தம். இது சந்தர்ப்பவாதம் என்று சிலர் முகம் சுளிக்கலாம். தச்சர் கோயில் தேரும் செய்வார், கட்சி மேடையும் போடுவார். ஸ்டுடியோ காலத்தில் இயக்குநர் என்றால் ஏறக்குறைய அந்த மாதிரி ஆள்தான்.

ஆனால் தச்சருக்கும் கைப்பழக்கம் என்று ஒன்று உண்டு. அதைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. நீதிமன்றக் காட்சியை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

நான் ஒரு மதியம் அப்படிப் பார்த்தேன். வசனம் போனதும் கோயிலும் பூசாரியும் கள்ளச் சந்தையும் காணாமல் போய்விட்டன. மிஞ்சியது கூண்டில் நிற்கும் ஒரு தங்கை, கூண்டில் நிற்கும் ஒரு தம்பி, உயரத்தில் உட்கார்ந்துகொண்டு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாத ஒரு அண்ணன். ஒலியோடு பார்க்கும்போது குணசேகரன் சமூகத்தைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறான். ஒலி இல்லாமல் பார்த்தால் தன் அண்ணனை நிறுத்துகிறான். முந்தையது எழுதியவரின் படம், பிந்தையது இயக்கியவர்களின் படம். இரண்டும் ஒரே சுருளில் ஓடுகின்றன, அதனால்தான் அந்தக் காட்சி எழுபது வருடம் தாண்டியும் பலமிழக்காமல் இருக்கிறது என்பது என் எண்ணம். வெறும் பிரசங்கமாக இருந்திருந்தால் அதே காலத்து மற்றப் பிரசங்கங்களோடு போயிருக்கும்.

இந்தக் கண்ணோடு அவர்களுடைய மற்றப் படங்களுக்குப் போனால் ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. சிதறிய குடும்பம் ஒன்று சேர்வது. பூம்பாவையில் சாம்பலாகிப் போன மகள் அப்பாவிடம் திரும்பி வருகிறாள். பராசக்தியில் போர் பிரித்துப் போட்ட நாலு பேர் ஒரு வீட்டுக்குள் வந்து சேர்கிறார்கள். ‘குலதெய்வம்’ (1956) கூட்டுக் குடும்பத்தின் கதை, அதை அவர்களே ‘பாபி’ என்று இந்திக்கும் கொண்டுபோனார்கள். ‘குழந்தையும் தெய்வமும்’ (1965) படத்தில் இரட்டைக் குழந்தைகள் பிரிந்த பெற்றோரைச் சேர்த்து வைக்கிறார்கள். ‘உயர்ந்த மனிதன்’ (1968) பெற்ற மகன் என்று தெரியாமலே அவனைத் தன் வீட்டில் வேலைக்காரனாக வைத்திருக்கும் பணக்காரனின் கதை. இவற்றின் ஆசிரியர்கள் வேறு வேறு ஆட்கள். சில வங்காளத்திலிருந்து வந்தவை, ஒன்று ஹாலிவுட் சாயல். எது வந்தாலும் இவர்கள் கையில் அது குடும்பம் சேரும் கதையாகத்தான் வந்து நின்றது. இவர்களிடம் உதவியாளராக வேலை பார்த்த ஏ. பீம்சிங் பின்னால் ‘பாசமலர்’ எடுத்தவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இதைக் கொள்கை என்று சொல்வதா? கட்சிக் கொள்கை இல்லைதான். ஆனால் ஒரு உலகப் பார்வை. தப்பு நடப்பது உறவு அறுந்துபோனதால், உறவு திரும்பினால் தப்பு சரியாகும் என்கிற பார்வை. பராசக்தியின் முடிவை எடுத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு சூடாகப் பேசிய படம் எப்படி முடிகிறது? தொலைந்த குழந்தை கிடைக்கிறது, தொலைந்த அண்ணன் ஊன்றுகோலோடு வருகிறார், எல்லோரும் சேர்ந்து அனாதைகளுக்கு ஒரு விடுதி திறக்கிறார்கள். ஆட்சி மாறவில்லை, கோயில் நிர்வாகம் மாறவில்லை. நல்ல மனசுள்ள பணக்காரக் குடும்பம் தர்மம் செய்ய முன்வருகிறது. எந்தக் காங்கிரஸ்காரரும் கைதட்டக்கூடிய முடிவு அது. நாடு முழுக்க எரிகிறது என்று வசனம் சொல்ல, வீடு சேர்ந்துவிட்டது என்று படம் முடிகிறது.

எதிர்க்கட்சிப் பிரச்சாரத்தைத் தாய்மார்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டாம் தடவை பார்க்க வந்தது இந்தக் குடும்ப உறையால்தான். எழுத்தாளருக்கு அந்த உறை தேவைப்பட்டது. அண்ணன் தங்கைப் பாசம் மூல நாடகத்திலேயே இருந்ததுதானே, அதில் இயக்குநர் பங்கு என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பங்கு எழுத்தில் இல்லை, விகிதத்தில் இருக்கிறது. எந்த முகத்தில் எவ்வளவு நேரம் நிற்பது, பேச்சுக்கு நடுவே யாரைக் காட்டுவது, சிரிப்புக்கு எப்போது இடம் விடுவது. குணசேகரன் பைத்தியக்காரனாக நடித்துக்கொண்டு தங்கையின் இட்லிக் கடையைச் சுற்றி வரும் பகுதியில் சிரிப்பும் கலக்கமும் மாறி மாறி வரும் அந்த அளவு, மேடைப் பேச்சாளரின் அளவு கிடையாது. படத்தொகுப்பையும் பஞ்சுவே பார்த்தார். வசனம் பெரிதாக வரும் இடங்களில் காமிராவை அமைதியாக நிறுத்தி வழிவிடத் தெரிந்ததும் ஒரு திறமைதான். இன்று அதைத் திறமை என்று யாரும் எண்ணுவதில்லை.

எழுத்தாளரின் இந்தக் காலம் நீண்ட நாள் நீடிக்கவில்லை. 1959இல் ‘கல்யாணப் பரிசு’ மூலம் ஸ்ரீதர் வந்தார். வசனம் எழுதிக்கொண்டிருந்தவர் இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்தார், வசனமும் வீட்டுப் பேச்சின் அளவுக்குச் சுருங்கியது. அடுத்து பாலசந்தர். அவரும் எழுத்தாளராக வந்தவர்தான். அவர் எழுதிய ‘சர்வர் சுந்தரம்’ படத்தை 1964இல் இயக்கியவர்கள் யார் என்றால், அங்கேயும் கிருஷ்ணன்-பஞ்சு. அதற்குப் பிறகு எழுதுகிறவரும் இயக்குகிறவரும் ஒருவரே என்பது தமிழில் வழக்கமாகிவிட, படத்தின் கொள்கை இயக்குநரின் கொள்கை என்று பேசுவதும் இயல்பாகிவிட்டது. இன்றைய படங்களுக்கு அது பொருந்துகிறது. பழைய படங்களுக்கு அதே அளவுகோலை வைத்தால்தான் டங்கனைத் திராவிட இயக்கத்தில் சேர்க்க வேண்டி வரும்.

1972இல் ‘பிள்ளையோ பிள்ளை’ என்று ஒரு படம் வந்தது. எழுதியவர் கருணாநிதி, அப்போது அவர் முதலமைச்சர். நாயகனாக அறிமுகமானவர் அவருடைய மகன் மு.க. முத்து. இயக்கம் கிருஷ்ணன்-பஞ்சு. இருபது வருடத்தில் எழுதியவர் கோட்டைக்குப் போயிருந்தார், கூண்டில் நின்று பேசியவர் எதிர் முகாமில் இருந்தார். இயக்கியவர்கள் படப்பிடிப்புத் தளத்திலேயே இருந்தார்கள், இந்தத் தடவையும் ஒரு குடும்பக் கதையோடு.